குப்பைப் பைக்கு என்ன குறைச்சல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்குப் போக்கிமான் பைத்தியம். விதவிதமான கற்பனை உயிர்களைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேம் அது, அந்த உயிர்களுக்கும் போக்கிமான் என்றே பெயர். போன வாரம் டிரப்பிஷ் என்ற போக்கிமானைக் காட்டி, "குப்பைப் பைக்குக் கண்ணு வச்சு விட்டிருக்காங்கப்பா" என்று சிரித்தான். 2010-ல் போக்கிமான் பிளாக், போக்கிமான் ஒயிட் விளையாட்டுகளில் அது அறிமுகமானபோதே ரசிகர்கள் பலர் கற்பனை வறண்டுவிட்டது என்று கிண்டலடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் இருப்பது பெருங்குடி. சதுப்பு நிலத்தை ஒட்டி எவ்வளவு குப்பை கொட்டினோம் என்பதைக் காற்று திரும்பினால் மூக்கே சொல்லிவிடும், அந்தக் குப்பை எழுந்து நின்று நம்மையே முறைத்துப் பார்ப்பது சோம்பேறிக் கற்பனையா என்ன?

1999-ல் இளஞ்சிவப்புப் பவளமாக வந்த கோர்சோலா என்ற இன்னொரு போக்கிமானுக்கு 2019-ல் வெளுத்துப்போன பேய் வடிவம் ஒன்றையும் கொடுத்தார்கள். கடல் சூடானால் பவளப்பாறை வெளுத்துச் சாகும், நம் மன்னார் வளைகுடாவிலும் அது நடந்திருக்கிறது, அதைப் பாடம் எடுக்காமலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குக் கைதட்டியவர்களுக்குக் குப்பைப் பை மட்டும் ஏன் கசக்கிறது?

அப்புறம், சிங்க உடம்பில் துதிக்கை முளைத்த யாளியை நம் கோயில் தூண்களில் பார்த்து யாரும் 'ஒட்டுப்போட்ட டிசைன்' என்று சொல்வதில்லையே!

சரி, மகன் இப்போது ஒரு டிரப்பிஷைப் பிடித்து வைத்திருக்கிறான். பெயர் 'பெருங்குடி'யாம்.

- ஒரு வாசகர், சென்னை