சீசர் கொலை: மார்ச் 17 சொல்வது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்கள் செல்வாக்கில் உயர்ந்த ஜூலியஸ் சீசரைக் கொன்றதை நியாயப்படுத்துவோர், கி.மு. 44 மார்ச் 17 அன்று நடந்ததையும் பார்க்க வேண்டும்.

அவர்கள் பக்கம் வலுவான வாதம் உண்டு; மறுக்கவில்லை. ரோமில் சர்வாதிகாரி பதவி மரபுப்படி ஆறு மாதத்துக்கு மட்டுமே. சீசர் அதை ஆயுட்காலப் பதவியாக்கிக்கொண்டார். பதவியில் இருப்பவர் மீது வழக்குத் தொடர முடியாது, பதவியோ முடியப்போவதில்லை.

ஆனால் கொலைக்கு இரண்டு நாள் கழித்துக் கூடிய செனட் என்ற ரோம ஆட்சி மன்றம், சீசரைக் கொடுங்கோலன் என்று அறிவிக்கவில்லை. அறிவித்தால் அவர் செய்த நியமனங்கள் அனைத்தும் செல்லாமல் போகும். கொலைக்குத் தலைமை தாங்கிய புரூட்டஸும் காசியஸும் வகித்த பிரேட்டர் (உயர் நீதி அதிகாரி) பதவிகளே அவர் தயவில் வந்தவைதாம்! எனவே கொலையாளிகளுக்கு மன்னிப்பு, சீசரின் ஆணைகளுக்கு அங்கீகாரம் என இரண்டையும் ஒரே அமர்வில் நிறைவேற்றினார்கள். செயல் நியாயமானதென்றால் மன்னிப்பு எதற்கு?

படையையோ கருவூலத்தையோ கைப்பற்றக் கொலையாளிகளிடம் திட்டமே இல்லை. ரோம நகரக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் சீசர் 300 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) எழுதிவைத்திருந்த உயில் வெளியானதும் மக்கள் கொந்தளித்தார்கள். மறு ஆண்டே ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் ஆகியோரின் மூவராட்சி, எதிரிகளின் கொலைப்பட்டியலை வெளியிட்டது. குடியரசுக்காக வாதாடிய சிசரோவின் உயிரும் அதில் போனது.