அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு மடல்

பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் தலைவர்களுக்கும், போட்டி அட்டவணைகளில் கடைசிக் கையெழுத்துப் போடும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

காலநிலை மாற்றத்தைப் பற்றி உங்கள் மேசையில் ஏற்கெனவே சில மடல்கள் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் ஓடியவர்கள், சறுக்கியவர்கள், பந்தை உதைத்தவர்கள். நான் வெறும் பார்வையாளன். ஜெயித்தால் கைதட்டி, தோற்றால் நடுவரைத் திட்டுகிற கூட்டத்தில் ஒருவன். அந்த மடல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. மரம் நடுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை ஒழியுங்கள் என்றெல்லாம் நீங்கள் அறிக்கை விடுகிறீர்கள். அவர்கள் கைகாட்டுவதோ வேறொரு காகிதத்தை: எந்தப் போட்டி, எந்த ஊரில், எந்த மாதம் என்று நீங்கள் அச்சடிக்கும் அட்டவணையை.

2023 பிப்ரவரியில் பனிச்சறுக்கு வீரர்கள் தங்கள் கூட்டமைப்புக்கு எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் யூலியான் ஷூட்டர் முன்னெடுத்தார். மிக்கேலா ஷிஃப்ரின் உட்பட நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் கடைசியில் பருவத்தைத் தொடங்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள், ஊர்களைப் புவியியலுக்குப் பொருந்தும்படி அடுக்குங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பருவத்தில் ஆண்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயங்கள் டிசம்பரில் ஒரு முறையும், பிப்ரவரி, மார்ச்சில் மறுமுறையும் அமெரிக்காவில் நடந்தன. நடுவில் எல்லாரும் ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தார்கள். அதே பருவத்தின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் தொடங்கி இத்தாலியின் செர்வீனியாவில் முடிய வேண்டிய பந்தயம் பனி போதாமல் ரத்தானது. மறு ஆண்டு அதே பந்தயத்துக்காகப் பனியாற்றின் மேல் மண்வாரி இயந்திரங்கள் ஏறின. அந்த ஆண்டும் பந்தயம் நடக்கவில்லை. இந்த முறை தடுத்தது கடும் பனிப்பொழிவும் காற்றும். மலை தன் அட்டவணைப்படிதான் நடந்துகொண்டது.

இன்னொரு மடல் பிரிட்டனின் இன்னஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதியது. அப்போது அவர் பள்ளி மாணவி. 2023இல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட்டில் நடக்கவிருந்த உலகக் குறுக்குநாட்டு ஓட்டப் போட்டிக்கு விமானம் ஏற மனம் ஒப்பவில்லை, என்னைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தன் நாட்டுத் தடகள அமைப்புக்குத் தெரிவித்தார். அதற்குச் சற்று முன்புதான் இத்தாலியின் டூரினில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்குப் பேருந்திலும் ரயிலிலும் போய் ஓடிவிட்டு வந்திருந்தார். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உலக மேடையில் ஓடும் வாய்ப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த வயதில் அதை உதறியவரை எல்லாரும் பாராட்டினோம். எனக்கு அந்தப் பாராட்டிலேயே ஒரு கூச்சம் இருக்கிறது. பறப்பது, அல்லது விலகுவது என்று இரண்டே வழிகளை அவர் முன் வைத்துவிட்டு, அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் கைதட்டினோம். மூன்றாவது வழியைத் திறக்கும் சாவி உங்களிடம் இருந்தது.

சாவி என்று சும்மா சொல்லவில்லை. ஃபார்முலா 1 தன் 2018ஆம் ஆண்டுக் கார்பன் உமிழ்வுக் கணக்கை வெளியிட்டபோது மொத்தம் 2,56,551 டன் வந்தது. அதில் வட்டமடித்து எரிபொருள் குடிக்கும் பந்தயக் கார்களின் பங்கு 0.7 சதவீதம்தான். சரக்குகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது 45 சதவீதம், ஆட்கள் பயணம் செய்தது ஏறக்குறைய 28 சதவீதம். ரசிகர்கள் வந்துபோனது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஆக, காரே ஓடாமல் நின்றாலும் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது. ஊர்களின் வரிசையை மாற்றினால் குறையும். அவர்களும் இதை உணர்ந்துதான் 2024இல் ஜப்பான் பந்தயத்தை ஏப்ரலுக்குக் கொண்டுவந்தார்கள், அசர்பைஜானை அட்டவணையில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நல்ல வேலை. அதே ஆண்டில் பந்தயங்களின் எண்ணிக்கையை 24 ஆக்கியதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கால்பந்து நிர்வாகிகளிடம் கொஞ்சம் உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பை கார்பன் சமநிலை கொண்டது, அதாவது உமிழ்ந்த கார்பனுக்கெல்லாம் ஈடுகட்டியது என்று விளம்பரம் செய்தீர்கள். அதன் உமிழ்வு 36 லட்சம் டன் என்பது உங்கள் சொந்த மதிப்பீடு. அந்த விளம்பரம் ஆதாரமற்றது, தவறான எண்ணத்தைத் தருவது என்று 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறிமுறை ஆணையம் முடிவு சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். பிறகாவது அடக்கம் வந்ததா? 2026க்கு மூன்று நாடுகள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். 2030க்கு ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ. போதாக்குறைக்கு முதல் மூன்று ஆட்டங்கள் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில். உலகக் கோப்பையின் நூற்றாண்டு நினைவுக்காகவாம். ஆறு அணிகள் அங்கே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டும், ரசிகர்கள் பின்னாலேயே.

அணிகள் கூடுவதை நான் எதிர்க்கவில்லை. இதுவரை வாசற்படி ஏறாத சிறிய நாடுகள் உள்ளே வருகின்றன என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனை அணிகள் என்பது ஒரு கேள்வி, அவை எவ்வளவு தூரம் அலைய வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மூடாதீர்கள்.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் தோஹாவில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான் வடக்கே குளிர்ச்சியான சப்போரோ நகருக்குப் போனது. 2025 கிளப் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி முதல் பாதியை உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அட்டவணையின் விலையை முதலில் கட்டுவது வீரரின் உடம்பு.

அப்புறம், பணம் போடும் விளம்பரதாரரின் பெயர். ஃபிஃபா சவுதி எண்ணெய் நிறுவனமான அராம்கோவோடு 2024இல் செய்த விளம்பர ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளச் சொல்லி அதே ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கால்பந்து வீரர்கள் எழுதினார்கள். தங்களுக்குச் சம்பளம் வரும் வழியைப் பற்றியே கேள்வி கேட்பது லேசான காரியமில்லை. ஆஸ்திரேலிய ரக்பி வீரர் டேவிட் போகாக் 2014இல் நிலக்கரிச் சுரங்க இயந்திரத்தில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டபோது அவருக்குக் கிடைத்தது கைதும், தன் விளையாட்டு அமைப்பின் எச்சரிக்கைக் கடிதமும். இன்று அவர் செனட்டர். கிரிக்கெட் கேப்டன் பாட் கம்மின்ஸ் கிளப்புகளின் கூரைகளில் சோலார் தகடு வைக்க ஓர் அமைப்பைத் தொடங்கியவர். தன் வாரியத்தின் எரிசக்தி விளம்பரதாரரைப் பற்றிக் கேட்டதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இவர்களும் விமானத்தில்தானே பறக்கிறார்கள் என்ற கேள்வி உடனே வரும். ஃபார்முலா 1 பந்தய வீரர் செபாஸ்டியன் வெட்டலிடம் 2022இல் பிபிசி நிகழ்ச்சியில், இது இரட்டை வேடம் இல்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லின் நேர்மை எந்தக் கூட்டமைப்பின் ஆண்டறிக்கையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் பறந்தது நீங்கள் போட்ட வரிசையில்.

முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் அரங்குகளில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. மொத்த உமிழ்வு 15.9 லட்சம் டன் என்று அறிவித்தார்கள்; லண்டன், ரியோ சராசரியில் பாதிக்கும் குறைவு. அங்கேயும் மீந்ததில் பாதிக்கு மேல் போக்குவரத்துதான். கட்டடத்தில் குறைக்க வேண்டியதைக் குறைத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது தூரம்.

ஐ.நா.வின் விளையாட்டுக் காலநிலைச் செயல்திட்டம் 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சேயில் தொடங்கியது. 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்குவது, 2040க்குள் நிகர பூஜ்யம், அதாவது உமிழ்வதும் நீக்குவதும் சரிக்குச் சரியாவது என்பவை அதன் இலக்குகள். உங்களில் பலர் அதில் கையெழுத்துப் போட்டவர்கள். ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த அட்டவணையை வாக்கெடுப்புக்கு வைக்குமுன், ஒவ்வொரு அணியின் பெயருக்கு நேரே அது அந்தத் தொடரில் எத்தனை கிலோமீட்டர் பறக்க வேண்டும் என்று ஒரு நெடுக்குப் பத்தி சேர்த்துவிடுங்கள். தேதி, நேரம், மைதானம் என்று இருக்கும் பத்திகளுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில். வாக்களிக்கும் அறையில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அதன் பிறகும் அதே வரிசைதான் வேண்டும் என்றால், எண்ணைப் பார்த்துக்கொண்டே கை தூக்குங்கள்.

அந்தப் பத்தியோடு வெளிவரும் முதல் அட்டவணை எந்த விளையாட்டினுடையது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவன்