காலி சாஷேக்கு ஒரு விலை

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குக் கிளம்பிவிட்டாய் என்றறிந்து மகிழ்ந்தேன். ஓய்வு பெற்றபின் நான் தெருக் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பதாக யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான்.

காயலான் கடைக்காரர் வாங்க மறுப்பவற்றை மட்டும் தனியே சேர்ப்பது என்று தை மாதத்தில் எங்கள் தெருவின் பன்னிரண்டு வீட்டார் முடிவு செய்தோம். பால் கவர் முழுக்கப் பாலித்தீன் என்பதால் உருக்கிக் குருணையாக்கிவிடலாம். அதை அவர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். சிப்ஸ் பாக்கெட்டையும், ஒருமுறைக்கான சிறு உறையான ஷாம்பு சாஷேயையும் கையால் தொடுவதுகூட இல்லை. பாலியஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலித்தீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறைகளைப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்தபின் கிடைப்பதன் விலையைவிட அதிகம் என்பதுதான் காரணம்.

முதல் மூட்டை எங்களுக்கு அவமானத்தையே தேடித் தந்தது. எண்ணெய் வடியும் ஊறுகாய் உறைகளும் எறும்பு மொய்த்த பிஸ்கட் உறைகளுமாகக் கட்டிக் கொண்டுபோனதை, கொண்டுபோன இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒவ்வோர் உறையையும் ஒரு பக்கம் கீறி, அரிசி களைந்த நீரில் அலசி, கொடியில் காயவைத்துத்தான் மூட்டையில் போடுகிறோம். பால் கவரின் முனையைத் துண்டாக வெட்டி எறியக் கூடாது என்பதும் எங்கள் விதி. அந்தச் சிறு முக்கோணம் எவர் கையிலும் அகப்படாமல் நேரே சாக்கடைக்குப் போய்விடுகிறது. வேட்டிக்குப் பக்கத்தில் ஊறுகாய் உறை ஆடுவதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். ஷாம்பை சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்தவர் நம் ஊர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பைத் தொடங்கியபின், ஐந்து காலி சாஷேக்களைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார். அது விற்பனைத் தந்திரம்தான், சுற்றுச்சூழல் அக்கறை அன்று. ஆனாலும் காலி உறைக்கு ஒரு மதிப்பு இருந்தவரை அதைப் பத்திரப்படுத்தியவர்களும் இருந்தார்கள் அல்லவா? நீலகிரியில் 2022இல் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்ததும், யானையின் காலைக் கிழித்துவந்த புட்டிகள் கடைக்குத் திரும்பத் தொடங்கியதும் இதே கணக்கில்தான். சாஷே செய்கிறவர்களிடம் காலி உறைக்கான பொறுப்பைக் கேட்க வேண்டிய, மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதி, மறுசுழற்சி செய்ய முடியாத பல்லடுக்கு உறைகளை இரண்டே ஆண்டில் ஒழிக்கச் சொன்னது. 2018இல் திருத்தியபோது, எரித்து ஆற்றல் எடுக்கவோ வேறு எதற்காவது பயன்படுத்தவோ முடியுமானால் இருக்கலாம் என்று வழி விட்டுவிட்டார்கள். எரியாத உறை எங்கே இருக்கிறது, நீயே சொல்.

உன் மதுரையை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறையில், ஏறத்தாழ 170 பாகை சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் அரைத்த பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்கிறது. பிறகு தார் கலக்கிறார்கள். குழாய் செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக் மட்டும் சேரக் கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும். ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செல்லுமாம். ஒரு சாஷே ஒரு கிராம்கூட இராது என்பதால், எங்கள் பன்னிரண்டு வீடுகள் எத்தனை தலைமுறை தலைக்குக் குளித்தாலும் அந்தச் சாலை முடியாது என்று கணக்குப் போட்டுச் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் மூட்டைகள் திண்ணையில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பங்குனியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வழக்கம்போல் பேரனுக்குப் பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கி வராதே. ஒரு சீப்பு மலைவாழைப்பழம் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்