ஆண் செடி சும்மா நிக்குதா?

ஆசிரியர் சார், இனப்பெருக்கத்துல ஆண் மரத்துக்கு செலவே இல்ல, எல்லாம் பெண் மரம் தலைலதான்னு உங்க கட்டுரைல போட்டிருந்தீங்க, பாதிதான் சரி. பழம், விதைன்னு கார்பன் (இலை தயாரிக்கிற சாப்பாட்டுல இருக்கறது) எக்கச்சக்கமா போறதால பெண் மரம் பல இனங்கள்ல மெதுவாதான் வளருது, ஒரு வருஷம் நல்லா காய்ச்சா அடுத்த வருஷம் பூவே கொறஞ்சுடும், ஒத்துக்கறேன். ஆனா ஆண் பப்பாளிய கிட்ட போய் பாருங்க, நீளமா தொங்குற காம்புல கொத்துக்கொத்தா பூ, அத்தனைலயும் மகரந்தம், அதுல புரோட்டீன், அதுக்கு நைட்ரஜன் வேணும், மண்ணுல எப்பவும் பத்தாம கெடக்குறதே அதுதானே! மெர்க்குரியாலிஸ் ஆனுவான்னு ஒரு சின்னச் செடி (பேரு வாய்ல நுழையல), அதுல பெண்ணை விட ஆண்தான் குட்டை, வளர வேண்டிய நைட்ரஜன் மகரந்தத்துக்கே போயிடுது, வேரையும் பெருசாக்கித் தேட வேண்டியிருக்கு. அடுத்த தடவ இதையும் சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன்