ஒரு களஞ்சியத்தில் இல்லை, மறு களஞ்சியத்தில் காலாவதி

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 31 ஆண்டுகள் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்துத் தட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்தால் போதும், இறக்குமதி செய்ய டொலர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் இனியும் செல்லாது என்பதால் எழுதுகிறேன்.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் அது உண்மைதான். அந்த மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்சுலின் குப்பியை ஈரத் துணியில் சுற்றி மண்சட்டிக்குள் வைத்தவர்களை நான் அறிவேன். இந்தியா கொடுத்த 100 கோடி டொலர் கடனுதவியில் உணவோடு மருந்தும் வாங்கினோம். அப்போது நடந்ததற்காக யாரையும் நான் குறை கூறவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் சென்ற மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளினிக் கொப்பியோடு புறப்பட்டார். நண்பகலில் மருந்து யன்னலை அடைந்தபோது, எழுதிக்கொடுத்த ஐந்தில் இரண்டை வெளியில் வாங்கச் சொல்லிவிட்டார்கள். அவர் விதவை, ஓய்வூதியம் மட்டுமே வருமானம். இரண்டில் ஒன்றை வாங்கினார், மற்றதை விட்டுவிட்டார். விட்டது இரத்த அழுத்த மாத்திரை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. என்னிடம் வேலை பழகி இப்போது வேறொரு அரச வைத்தியசாலையின் களஞ்சியத்தில் இருக்கும் தம்பி ஒருவரை அழைத்துக் கேட்டேன். "அதே மாத்திரை இங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது அக்கா, மூன்று மாதத்தில் திகதி முடிகிறது" என்றார்.

இரண்டு வைத்தியசாலைகளுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த மாத்திரைக்குப் பணம் கொடுத்தாயிற்று, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்தாயிற்று, களஞ்சியத்தில் இறக்கியும் ஆயிற்று. ஒரு லொறிப் பயணம் மட்டும்தான் மிச்சம். அதைச் செய்ய ஆளில்லை. ஒன்று மத்திய அமைச்சின் கீழ், மற்றது மாகாணத்தின் கீழ் என்றால் கணக்கும் வேறு, கையொப்பமும் வேறு. கடிதம் போய்த் திரும்புவதற்குள் மருந்தின் ஆயுள் முடிந்துவிடும்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. அடுத்த ஆண்டு எவ்வளவு தேவை என்று வைத்தியசாலைகள் மதிப்பீடு அனுப்புகின்றன. அதை வைத்து சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு கணக்கிடுகிறது, அரச மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருகிறது. மதிப்பீட்டை எப்படித் தயாரிப்போம்? சென்ற ஆண்டு வழங்கிய தொகையைப் பார்த்துத்தான். ஆனால் சென்ற ஆண்டில் நான்கு மாதம் அந்த மருந்து கையிருப்பிலேயே இல்லை என்றால், அந்த நான்கு மாதத்துக்கும் வழங்கியது பூச்சியம். பன்னிரண்டு மாத நோயாளிகளுக்கு எட்டு மாத மருந்தைக் கேட்கிறோம். அடுத்த ஆண்டும் தட்டுப்பாடு, அதற்கடுத்த ஆண்டின் மதிப்பீடு இன்னும் சிறியது. நானே இப்படிக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வெறுங்கையோடு திரும்பிய நோயாளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யன்னலில் "இல்லை" என்று சொல்லும்போதே ஒரு கோடு போட்டு வைத்தால் போதும், பெரிய கணினி எதுவும் தேவையில்லை.

களஞ்சியப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் திகதி முடிவது முதலில் வெளியே போக வேண்டும் என்பது பாலபாடம். புதிய பெட்டிகளை முன்னால் அடுக்கிவிட்டால் பழையவை சுவரோரமாகவே மாண்டுபோகும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைந்துபோன இன்சுலினும் பயன்படுத்தக்கூடாதது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே 1971 இல் அதே மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்தபோது இந்த நாடு உலகத்துக்கே வழிகாட்டியது. வணிகப் பெயரை விட்டு மருந்தின் இயற்பெயரில், நாடு முழுவதற்கும் சேர்த்துக் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கினோம். வாங்குவதில் அத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டியவர்கள், வாங்கியதை நோயாளியின் கையில் சேர்ப்பதில் இப்படித் தோற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுகாதார அமைச்சிடம் நான் கேட்பது அதிகமில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கான மருந்துகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வைத்தியசாலையில் எவ்வளவு இருக்கிறது, எப்போது திகதி முடிகிறது என்பதை வாராவாரம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் பெட்டியை, மத்திய அரசு, மாகாணம் என்று பாராமல், தேவைப்படும் இடத்துக்கு மாற்றும் அதிகாரத்தைக் களஞ்சியப் பொறுப்பாளருக்கே கொடுங்கள். இதற்காக அவர்மீது கணக்காய்வு விசாரணை வராது என்றும் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பயம்தான் பல பெட்டிகளை அசையவிடாமல் வைத்திருக்கிறது.

அக்காவுக்கு அடுத்த கிளினிக் வரும் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அந்தத் தம்பியின் களஞ்சியத்தில் மாத்திரைகள் அன்றைக்கும் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.