நெல்லை எக்ஸ்பிரசில் போன பையைத் திருப்பித் தந்தவர்களுக்கு

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் அன்று காலைப் பணியில் இருந்த நிலைய அதிகாரிக்கும், ஆட்டோ அண்ணனுக்கும், மருந்துக்கடை அண்ணாச்சிக்கும், எஸ் 7 பெட்டியில் எங்களோடு வந்த தம்பிக்கும், திருநெல்வேலி ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) நிலையத்தில் இருந்த மேடத்துக்கும், சென்னையில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கும் வணக்கம்.

எதிர்வீட்டு அக்காவைத் தவிர உங்களில் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அக்காவும் தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல். உங்களில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும்.

என்ன நடந்தது என்பது உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் கழுகுமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் என் தாய்மாமா திடீரென்று இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி அவர் ஒருவர்தான். மதியம் தகவல் வந்தது. சார்ட் போட்ட பிறகு மிச்சம் இருக்கும் இடங்களைக் கொடுக்கிற கரண்ட் புக்கிங்கில் நெல்லை எக்ஸ்பிரசில் இரண்டு பெர்த் கிடைத்தது. இரவு முழுக்க அம்மா படுக்கவே இல்லை. விடியும் நேரத்தில் கோவில்பட்டி வந்ததும் இரண்டு பேரும் அவசரமாக இறங்கினோம். வண்டி அங்கே நிற்கிற நேரம் கொஞ்சம்தான். வண்டி கிளம்பிக் கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டிய பிறகுதான் அம்மாவின் கைப்பை ஜன்னலோரக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டு போவது நினைவுக்கு வந்தது. மறந்தது யார் என்பதை வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதை இங்கே விட்டுவிடலாம்.

பையில் இருந்தவை: அம்மாவின் போன், ஆதார், குடும்ப ஓய்வூதியக் கணக்கின் ஏடிஎம் கார்டு, அந்தக் கார்டின் ரகசிய எண்ணை எழுதி மடித்து வைத்த சீட்டு (ஆமாம், கார்டு உறைக்குள்ளேயே), ரயிலில் பயந்து கழற்றி கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சங்கிலி, வீட்டுச் சாவி, இன்சுலின். சங்கிலியை நினைத்துத்தான் நான் பதறினேன். பயப்பட வேண்டியது இன்சுலினுக்கு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டோ அண்ணா, நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது "ஏறுங்க, வண்டியைத் துரத்திப் பிடிச்சிரலாம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பேன். வேறு ஒருவர் அப்படித்தான் சொன்னார், ரேட்டும் சொன்னார். நீங்கள்தான் "ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட சொல்லுங்க, அப்படியே 139க்கும் போடுங்க" என்றீர்கள். ரயில்வேயின் பழைய உதவி எண்கள் பலவற்றையும் 2021இல் அந்த ஒரே எண்ணில் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்கு ஏதோ மங்கலாக ஞாபகம். ஆனால் அந்த நேரத்தில் என் மூளையில் எந்த எண்ணும் இல்லை.

நிலைய அதிகாரி சார், உங்களிடம் வந்து நான் அழுதேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வண்டி நம்பர், பெட்டி, பெர்த்து" என்றீர்கள். உள்ளுக்குள் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷி அழுகிறாள், இவர் பெர்த் கேட்கிறாரே என்று. டிக்கெட் குறுஞ்செய்தி என் போனில் இருந்ததால் 12631, எஸ் 7, பெர்த் எண் என்று படித்துக் காட்டினேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் போனில் திருநெல்வேலிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். என் அழுகைக்கு ஆறுதல் சொல்ல நீங்கள் எடுத்திருக்கக்கூடிய நேரத்தில் வண்டி கடம்பூரைத் தாண்டியிருக்கும். பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. அடுத்து மணியாச்சி, கங்கைகொண்டான், தாழையூத்து. திருநெல்வேலி போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாரும் இறங்குவார்கள், பெட்டி காலியாகும், அப்புறம் அந்தக் கொக்கியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஏடிஎம் கார்டை அங்கேயே நின்று முடக்கினேன். அந்தச் சீட்டு இருக்கும்வரை ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஆபத்து.

இனி அண்ணாச்சி.

அண்ணாச்சி, கடை திறக்கும் நேரம் அது இல்லை. மேலே வீடு என்பதால் ஆட்டோ அண்ணன் குரல் கொடுத்ததும் பனியனோடு இறங்கி வந்து ஷட்டரைப் பாதி தூக்கினீர்கள். நான் "இன்சுலின் வேணும், காலையில இருபது யூனிட்" என்றேன். "பேனாவா, புட்டியா? நாப்பதா, நூறா?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் அவர் "வெள்ளையா இருக்கும்" என்றார். ஏதோ ஒன்றைக் கொடுங்கள், துட்டிக்கு (சாவு வீட்டுக்கு) போகிறோம், நேரம் ஆகிறது என்று சத்தம் போட்டேன். நீங்கள் கொடுக்கவில்லை. "தெரியாமத் தர மாட்டேம்மா" என்று கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அப்போது உங்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தை இப்போது சொன்னால்தான் இந்த நன்றி சரியாக இருக்கும். நீங்கள் விளக்கிய பிறகு சென்னை வந்து எங்கள் டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்கான குப்பியில் 100 யூனிட். ஊசிக்குழலும் அதற்குத் தக்கபடி வேறு வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்கான ஊசியில் இருபது கோடு இழுத்தால் உள்ளே போவது இருபது இல்லை, ஐம்பது. இரவெல்லாம் சாப்பிடாமல், தூங்காமல், தம்பியைப் பறிகொடுத்த ஒரு அறுபத்தெட்டு வயதுப் பெண்ணின் உடம்பில் ஐம்பது யூனிட். துக்கத்தில் மயங்கிவிட்டார் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்திருப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருந்திருப்போம்.

எதிர்வீட்டு அக்கா, சாவி பையோடு போய்விட்டது, ஆனால் மாற்றுச் சாவி உங்களிடம் இருந்தது. காலை ஆறு மணிகூட ஆகாத நேரத்தில் எங்கள் வீட்டைத் திறந்து, பிரிட்ஜில் இருந்த இன்னொரு புட்டியையும் அதன் அட்டைப்பெட்டியையும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினீர்கள். முதலில் வந்த படம் ஆடிப்போய் இருந்தது. கேட்காமலே நீங்கள் மறுபடி எடுத்தீர்கள், 40 என்ற எண் தெரிகிற மாதிரி. ஊசியின் சிவப்பு மூடியையும், கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டையும் சேர்த்து அனுப்பினீர்கள். அந்தச் சீட்டு அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உங்கள் வீட்டில் அன்று பிள்ளைக்குப் பரீட்சை என்று பிறகு சொன்னீர்கள்.

படத்தைப் பார்த்து அண்ணாச்சி மருந்தை எடுத்தார். கொடுத்த பிறகும் விடவில்லை. "அம்மா சாப்பிட்டாகளா?" என்றார். இல்லை என்றேன். "துட்டி வீட்ல அடுப்பு எரியாது. தூக்குற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டாங்க. ஊசியப் போட்டுட்டு வெறும் வயித்துல இருந்தா ஆளு விழுந்துருவாங்க. இங்கயே சாப்பிட வச்சு, இங்கயே போட்டுட்டுப் போங்க" என்றார். எதிர்க் கடையில் இட்லி வாங்கிவரச் சொன்னதும் அவர்தான். அம்மா மாட்டேன் என்றார். தம்பி அங்கே கிடக்கும்போது எனக்கு இட்லி ஒரு கேடா என்று அழுதார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கும் ஒண்ணு ஆயிட்டா, அங்க இருக்கவுக எந்தத் துட்டியத்தான் பாப்பாக?" என்றார். அம்மா சாப்பிட்டார். எங்கள் உறவில் யாரும் அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்க முடியாது.

இதே நேரத்தில் பை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எஸ் 7 தம்பி, உங்கள் பங்கு எனக்குக் கோவை சித்தி மூலமாகத்தான் தெரிந்தது. கொக்கியில் தொங்கிய பைக்குள் போன் விடாமல் அடித்திருக்கிறது. நீங்கள் எடுத்து ஹலோ சொல்வதற்குள் சித்தி "அக்கா, நம்ம தம்பி போயிட்டானே" என்று ஆரம்பித்துவிட்டார். சித்தியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர் ஒப்பாரிக்கு நடுவில் யாரும் நுழைய முடியாது. முழுதும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, நான் வேற ஆளு. இந்தப் பையை ட்ரெய்ன்ல விட்டுட்டாங்க. திருநெல்வேலியில ஆர்பிஎஃப்ல ஒப்படைச்சிர்றேன். அவங்ககிட்ட சொல்லிருங்க, கவலைப்பட வேணாம்" என்றீர்களாம். சித்திக்கு இன்றுவரை அதில் ஒரு கூச்சம். யாரோ ஒரு பையனிடம் போய் அழுதுவிட்டேனே என்கிறார்.

பையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அதில் உள்ள பொருளை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் எழுதும்வரை நின்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டிய பாபநாசம் பஸ் போய்விட்டதாம். அதை மேடம் சொல்லித்தான் அறிந்தேன்.

மேடம், உங்களிடம் வந்தது மறுநாள், காடாற்று முடிந்த பிறகு. தவறவிட்ட பொருள்களை உரியவரிடம் சேர்ப்பதற்கென்றே ரயில்வே பாதுகாப்புப் படையில் 'ஆபரேஷன் அமானத்' என்று ஒன்று நடக்கிறது என்பதை அங்கேதான் கேள்விப்பட்டேன். வந்தவுடன் பை கைக்கு வந்துவிடும் என்று நினைத்தோம். நீங்கள் பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, என்ன நிறம், எத்தனை அறை, உள்ளே என்னென்ன என்று கேட்டீர்கள். அடையாள அட்டை கேட்டீர்கள், அதுவே பைக்குள்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பாதிப் பொருள் ஞாபகம் இல்லை. "என் பை எனக்குத் தெரியாதாம்மா" என்று சலித்துக்கொண்டார். பிறகு, "பக்கத்து ஜிப்புல திருச்செந்தூர் இலை விபூதி இருக்கும். தம்பி குடுத்தது" என்றார். அங்கே விபூதியைப் பன்னீர் இலையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். நீங்கள் பட்டியலில் விரலை வைத்துத் தேடி, "பன்னீர் இலை, ஒன்று" என்று வாசித்தீர்கள். எழுதியிருந்தார்கள், அதையும்.

அப்புறம் ஆதாரில் உள்ள படத்தையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். படத்தில் இருப்பது அப்பா இருந்த காலத்து அம்மா, பெரிய பொட்டோடு. நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பையை நகர்த்தி வைத்து, சங்கிலியை எங்கள் முன்னால் அவிழ்த்துக் காட்டி, பணத்தை எண்ணச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினீர்கள். டீக்குக் காசு நீட்டிய என் கையை ஒரு பார்வை பார்த்தீர்கள். நீட்டியதை மட்டும் மன்னித்துவிடுங்கள், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று எங்களிடம் அன்பாகப் பேசியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனால் இந்த மடலை எழுதவைத்தது கேள்வி கேட்ட நீங்கள்தான். நாங்கள் சொன்னதை அப்படியே கேட்டு யாராவது நடந்திருந்தால், ஒன்று ஆட்டோவில் ரயிலைத் துரத்திக்கொண்டு போயிருப்போம், இல்லையென்றால் அம்மாவைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருப்போம். மாமாவை வழியனுப்ப அம்மா இருந்தார். கடைசிவரை நின்றார்.

தம்பி, உங்கள் எண் பட்டியலில் இருந்தது. அனுமதி இல்லாமல் தர முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார், அதுவும் சரிதான். எங்கள் எண்ணை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சென்னைக்கு வந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள். சித்தியும் உங்களிடம் ஒருமுறை பேச வேண்டும் என்கிறார், இந்த முறை அழாமல்.

ஆட்டோ அண்ணா, உங்களுக்குத்தான் இன்னும் கடன். அண்ணாச்சி கடையில் காத்திருந்ததற்கும் சேர்த்து ஊர்வரைக்கும் எவ்வளவு என்று கேட்டபோது, "முதல்ல உள்ள போங்க, அழுகை கேக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டீர்கள். மாமா வீடு உங்களுக்குத் தெரியும், அத்தை அங்கேதான் இருக்கிறார். பணத்தை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் சவாரி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.