வில் போனால் வாங்கலாம், டயல் போனால் வாங்க முடியாது

ஆசிரியர் அவர்கட்கு,

கையால் சாவி கொடுக்கும் குரோனோகிராப், அதாவது பொத்தானை அமுக்கி ஓடவிட்டு நிறுத்தி நேரம் அளக்கும் மணிக்கூடுகளைப் பேணுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்தோம். "நாளொன்றுக்கு இருபது சுற்றுடன் நிறுத்துங்கள், மேலே போனால் வில் அறும்" என்று, யந்திரத்தை ஓட்டும் சுருள்வில்லைப் பற்றி அதில் ஓர் எச்சரிக்கை. "50 மீற்றர் என்று பொறித்திருந்தால் கழற்றாமலே குளிக்கலாம்" என்று ஓர் அனுமதி. பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயத்தையும், பயப்பட வேண்டிய இடத்தில் தைரியத்தையும் அது கொடுத்துவிட்டது. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவந்து தகப்பன்மார் கையில் கட்டிவிடும் இத்தகைய மணிக்கூடுகளை இப்போது கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் காணக்கூடியதாக இருப்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் 'லிமிற்றெட் எடிஷன்', அதாவது எண்ணிக்கையை வரையறுத்து வெளியிடும் பதிப்பு என்ற சங்கதி. சுவிஸ் நிறுவனமான ஒமேகாவின் குரோனோகிராப் ஸ்பீட்மாஸ்டரை எடுங்கள். 2015இல் வந்த அதன் ஸ்னூப்பி பதிப்பு மொத்தம் 1970 மணிக்கூடுகள்தான். 2017இல் வந்த ஸ்பீடி டியூஸ்டே பதிப்பு 2012 மணிக்கூடுகள். சந்திரனில் மனிதன் இறங்கிய ஐம்பதாம் ஆண்டுக்காக 2019இல் வந்த உருக்குப் பதிப்பு 6969 மணிக்கூடுகள். முதல் இரண்டிலும் உள்ளே ஓடுவது 1861 என்ற இலக்கமுடைய யந்திரம். வழக்கமான ஸ்பீட்மாஸ்டருக்குள் இருபது வருடத்துக்கு மேலாகப் போட்டுவந்ததும் அதே யந்திரம்தான். ஆகவே வில்லோ பற்சக்கரமோ பழுதானால் அது கிடைக்காத சாமான் அல்ல. எண்ணிக்கைக்குள் அடங்கியவை டயல், முட்கள், வெளி வளையம், இலக்கம் பொறித்த பின்மூடி ஆகியவை மட்டுமே. ஈரம் பட்டு டயலின் பூச்சு கொப்புளித்தால் அதற்கு மாற்று எந்தக் கடையிலும் தொங்காது. வில்லைக் காப்பாற்றுவதாக நினைத்து டயலைப் பலி கொடுக்கச் சொல்கிறது உங்கள் குறிப்பு.

சாவி விடயத்துக்கு வருவோம். 'வில் அறும்' என்ற பயம் நம் பாட்டன்மார் காலத்து நீல உருக்கு வில்லோடு வந்தது. அந்த வில் துருவேறும், குளிர் வெப்பத்தில் சட்டென்று முறியும். கடந்த அறுபது எழுபது வருடங்களாகப் போடப்படும் வெள்ளை நிறக் கலப்புலோக வில் அப்படியல்ல. சவூதி, கட்டார் போய் வந்தவர்கள் கட்டிவந்த, தானாகச் சாவியேறும் சீக்கோ 5இல் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. தானாகச் சாவியேறும் மணிக்கூட்டில் வில்லின் வெளிநுனி, அது அடங்கியிருக்கும் பீப்பாவின் சுவரில் வழுக்கிப் போகும்படி செய்திருப்பார்கள், அதற்கு முடிவு என்று ஒன்று தெரியாது. கையால் சாவி கொடுப்பதில் அந்த நுனி பூட்டப்பட்டிருக்கும். அதனால் ஓரிடத்தில் திடமாக நிற்கும். அந்த நிற்பு பழுதல்ல, 'நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு.

மணிக்கூட்டைக் கையிலிருந்து கழற்றுங்கள். கையில் கட்டியபடி சாவி கொடுத்தால் சாவிக் குமிழைப் பக்கவாட்டில் நெம்ப வேண்டிவரும், சாவித் தண்டும் அது நுழையும் குழாயும் தேயும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குமிழைப் பிடித்து முன்னோக்கி அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு திருப்பையும் ஒரு சுற்று என்று எண்ணுங்கள். பிடிக்கும் விதத்தைப் பொறுத்து முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் எங்கோ இறுக்கம் கூடும். அதற்குப் பிறகு ஓரிரண்டு சுற்றில் நிற்கும். நின்றதும் விடுங்கள். ஒரு வாரம் எண்ணிப் பார்த்தால் உங்கள் மணிக்கூட்டின் கணக்கு விரலுக்கே தெரிந்துவிடும். நின்ற பிறகும் வலிந்து திருப்பினால்தான் வில்லின் நுனியோ கொக்கியோ பிய்யும். அப்போதும் பிழை அந்தக் கடைசி முறுக்கலில்தான், முழுச் சாவியில் இல்லை.

இருபதோடு நிறுத்தினால் என்ன நடக்கும்? முழுச் சாவியில் 48 மணித்தியாலம் ஓடக்கூடிய 1861 பாதிச் சாவியிலும் ஒரு நாள் ஓடும், அதனால் பிழை வெளியே தெரியாது. ஆனால் நேரத்தைக் கணிக்க முன்னும் பின்னும் ஊசலாடும் பலன்ஸ் வீல் வீசும் வீச்சு குறைந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள மணிக்கூடு, முழுச் சாவியில், டயல் மேலே பார்த்திருக்கையில், 270 முதல் 310 பாகை வரை வீச வேண்டும். குரோனோகிராப்பை ஓடவிட்டால் அதிலிருந்து 20 முதல் 40 பாகை வரை போய்விடும், ஏனென்றால் அதே வில்தான் கூடுதல் சக்கரங்களையும் இழுக்கிறது. ஏற்கெனவே பாதிச் சாவியில் இளைத்துப் போயிருக்கும்போது பொத்தானை அமுக்கினால் வீச்சு 200க்குக் கீழே இறங்கும், நேரம் தவறும், சில வேளை நின்றும் விடும். 'குரோனோகிராப் போட்டால் நிற்கிறது' என்று கொண்டுவரப்படுபவற்றில் ஒரு பகுதிக்கு மருந்து காலையில் ஒரு முழுச் சாவிதான்.

பொத்தான்கள் இரண்டு. மேலே உள்ளது ஓடவிடவும் நிறுத்தவும், கீழே உள்ளது பூச்சியத்துக்குக் கொண்டுவர. ஓட்டம், நிறுத்தம், பிறகு பூச்சியம் என்ற ஒழுங்கு மாறக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அமுக்கிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். பூச்சியத்துக்கு வருவது ஒரு சுத்தியல் இதய வடிவக் கட்டையில் ஓங்கி அடிப்பதால். ஓடும் சக்கரத்தின் மேல் அந்த அடி விழாமல் தடுக்கும் ஏற்பாடு நல்ல யந்திரங்களில் உண்டு. ஆனால் தேய்ந்த யந்திரத்தில் அதை நம்ப முடியாது. மெல்ல, பயந்து பயந்து அமுக்குவதும் கெடுதிதான். பாதி அமுக்கினால் நெம்புகோல் பாதி வழியில் நிற்கும். ஒரே அழுத்து, கடைசி வரை, உடனே விடுதல். ஓடத் தொடங்கும்போது பெரிய விநாடி முள் ஒரு துள்ளுத் துள்ளினால் அது பழுதல்ல. குரோனோகிராப்பை யந்திரத்தோடு இணைக்க, பக்கவாட்டில் வந்து பல்லோடு பல் பொருந்தும் கிளச்சின் சுபாவம் அது. பூச்சியத்துக்கு வந்த பிறகும் முள் 60இல் நிற்காமல் ஒரு கோடு தள்ளி நின்றால் முள் தண்டில் இளகியிருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப அடித்து அதை நேராக்க முடியாது, இன்னும் இளகத்தான் செய்யும்.

நாள் முழுக்க ஓடவிட வேண்டாம், மாதக்கணக்கில் தொடாமலும் விட வேண்டாம். வாரத்தில் ஓரிரு தடவை சில நிமிடம் போதும். வேலை வேண்டுமென்றால் வயலில் இருக்கிறது: தண்ணீர்ப் பம்பின் குழாய்வாயில் 20 லீற்றர் வாளியை வைத்து நிரம்பும் நேரத்தை எடுங்கள். 16 விநாடி என்றால் நிமிடத்துக்கு 75 லீற்றர். பம்புக்காரன் சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். வெளி வளையத்து எண்கள் வேகத்துக்கானவை. ஏ9 வீதியில் பஸ்ஸில் இருந்தபடி ஒரு கிலோமீற்றர் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்தும்போது முள் 45இல் நின்றால் அதற்கு நேரே 80 என்றிருக்கும். அதுதான் மணித்தியால வேகம்.

இனித் தண்ணீர். 50 மீற்றர் என்பது புதிய றப்பர் வளையங்களோடு, அசையாத நீரழுத்தத்தில், ஆய்வுகூடத்தில் பார்த்த அளவு. நீங்கள் 50 மீற்றர் ஆழம் போகலாம் என்பதற்கான சீட்டு அல்ல. குரோனோகிராப்புக்கு வாசல்கள் அதிகம்: கண்ணாடி, பின்மூடி, சாவிக் குமிழ், இரண்டு பொத்தான்கள் என்று ஐந்து இடத்தில் நீர் உள்ளே வரப் பார்க்கும். இங்கு ஓர் இடர் கூடுதலாக இருக்கிறது. மத்தியான வெயிலில் வயலிலிருந்து வரும்போது உறையும் உள்ளிருக்கும் காற்றும் சுட்டிருக்கும். அப்படியே கிணற்றடிக்குப் போய் முதல் வாளித் தண்ணீரை ஊற்றினால் உள்காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது இளகிய றப்பர் வளையத்தின் வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சும். உறிஞ்சுவது சவர்க்காரம் கலந்த தண்ணீர். நீருக்குள் பொத்தானை அமுக்கினால் இன்னும் மோசம்.

மணிக்கூடு ஈரம் பிடித்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தொழிற்சாலைச் சோதனையும் கிட்டத்தட்ட இதுதான், அங்கே 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிச் செய்கிறார்கள். மணிக்கூடு கைச்சூட்டிலும் வெயிற்சூட்டிலும் வெதுவெதுப்பாக இருக்கும்போது கண்ணாடியின் நடுவில் ஒரு துளி குளிர்ந்த நீரை வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். துடைத்துவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். துளி இருந்த வட்டத்தில் கண்ணாடிக்கு உட்புறமாக மங்கல் படிந்து மெல்ல மறைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பொத்தானைத் தொடாதீர்கள், வெயிலில் காயவிடாதீர்கள், அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். மூடிய உறைக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எடுக்காது, பொத்தான் இடுக்கில் தவிட்டுத் தூளைத்தான் சேர்க்கும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்த வேண்டும். முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு. அந்தத் துரு தூளாகி யந்திரத்துக்குள் நடந்து திரியும். கடல் நீர் என்றால் மணித்தியாலக் கணக்கு.

றப்பர் வளையங்களை இந்த வெக்கையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிக் காற்றழுத்தச் சோதனை செய்வது எங்கள் அபிப்பிராயத்தில் கட்டாயம். யந்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லாத, செலவு குறைந்த வேலை அது. தோற்பட்டி வியர்வையில் ஊறி அழுகும். இங்கு நைலோன் பட்டிதான் சரி. மாலையில் கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, பொத்தான்களைச் சுற்றி மெல்லிய பல்துலக்கியால் உலர்வாக ஒரு தட்டு. சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் றோட்டுப் புழுதி வியர்வை உப்போடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகுவது அந்த இடுக்கில்தான். பொத்தான் போனால் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

திருத்தக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது கசக்கலாம். யந்திரத்தை முழுதாகப் பெற்றோலில் முக்கி எடுத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது கழுவுதல் அல்ல. காய்ந்த எண்ணெய் கற்குழியில் அப்படியே இருக்கும், புது எண்ணெய் பரவி, பலன்ஸ் வீலின் மெல்லிய சுருளான ஹெயர் ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒட்டி மணிக்கூடு வேகமாக ஓடும். விரைவாகச் சுழலும் ஊசிமுனைகளுக்கு மோபியஸ் நிறுவனத்து 9010, சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் நங்கூரக் கற்களுக்கு 9415, மெதுவான பாரமான இடங்களுக்கு டி5 என்று வேறுவேறு எண்ணெய்கள். கிளச் சக்கரப் பற்களுக்கு எண்ணெயே கிடையாது. இன்னொன்று: குரோனோகிராப் சக்கரங்களைத் தாங்கும் 'பாலம்' என்ற தகட்டில் ஆணித்தலை போல வெட்டுள்ள சில துண்டுகள் இருக்கும், அவை ஆணிகள் அல்ல. மையம் தள்ளிய குமிழ்கள், பற்கள் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. இளகியிருக்கிறது என்று நினைத்து ஒருவர் முறுக்கிவிட்டால் பல் ஆழமாகக் கடித்து, ஓடவிட்டதும் மணிக்கூடு நிற்கும். மறுபக்கம் போனால் முள் விட்டுவிட்டு ஓடும். குரோனோகிராப் பிரித்துப் பழகாதவரிடம் கொடுக்காதீர்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும். கொடுக்குமுன் கேளுங்கள்: வீச்சு அளக்கும் கருவி இருக்கிறதா, குரோனோகிராப் நின்றும் ஓடியும் இரண்டு அளவையும் எழுதித் தருவாரா, கழற்றிய பழைய வில்லையும் வளையங்களையும் திருப்பித் தருவாரா.

மணிக்கூடு திடீரென்று நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தினால் பெரும்பாலும் காந்தம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலும், காந்தமூடி போட்ட போன் உறையின் மேல் இரவில் வைத்தாலும் போதும். திசைகாட்டியைக் கிட்டப் பிடித்து மணிக்கூட்டை மெல்லத் திருப்புங்கள், ஊசி கூடவே ஆடினால் அதுதான். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலை. அதற்காகப் பின்மூடியைத் திறக்க ஒருவரையும் விடாதீர்கள்.

உறையை மினுக்கக் கொடுக்காதீர்கள். மினுக்கும் சில்லு பட்டி பூட்டும் கால்களின் கூர்விளிம்பையும் பின்மூடியில் பொறித்த இலக்கத்தையும் ஒன்றாகத் தின்னும். கீறல் ஸ்பீட்மாஸ்டரின் பிளாஸ்டிக் கண்ணாடியில் என்றால் வளையத்தை ரேப்பால் மறைத்துவிட்டுப் பற்பசையால் தேய்த்தாலே போகும். சபையர் கண்ணாடிக்கு அது பலிக்காது.

போலிகளும் வருகின்றன. காதருகே வைத்து ஆட்டும்போது உள்ளே ஏதாவது சுழலும் ஓசை கேட்டால் அது கையால் சாவி கொடுக்கும் யந்திரம் அல்ல. கூடுதல் செலவில்லாமல் இந்த வகையைப் பழக விரும்புவோருக்குச் சீனத்துச் சீகல் நிறுவனத்தின் எஸ்ரி19 யந்திரம் போட்ட மணிக்கூடு தாராளம். சுவிசின் வீனஸ் 175 என்ற மணிக்கூட்டு யந்திரத்தைச் செய்யும் கருவிகளை 1961இல் வாங்கிச் செய்யத் தொடங்கிய வம்சம் அது. பொத்தான் பழக்கத்தை அதில் பிழைவிட்டுப் படித்துக்கொள்ளலாம்.

வரும் மாதங்களில் மணிக்கூட்டோடு ஊருக்கு வரவிருக்கும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: விமானம் ஏறுமுன் அங்கேயே றப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனைச் சீட்டையும், இலக்கம் எழுதிய அட்டையையும், உதிரி வளையங்கள் ஒரு தொகுதியையும் பெட்டியோடு கொண்டுவரட்டும். பின்மூடி இலக்கமும் அட்டையின் இலக்கமும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மணிக்கூடு திருத்துவோர் இருவர்,
மாங்குளம்.